பழம் நசுங்கிய பிறகு

பிரவீனா எடுத்த படத்தில் நான்தான் பூசாரி. நிஜத்தில் ஐயம்பேட்டையில் கார் மெக்கானிக், பெயர் கலியன். படத்தில் வரும் கார் என்னுடையது. கழுத்தில் கிடந்த உருத்திராட்சம் என் மாமியாருடையது. மொத்தப் படமுமே இப்படி இரவல்தான். என் நடிப்பை இதுவரை ஒருவரும் பாராட்டவில்லை, அது கிடக்கட்டும். பிரவீனாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள், அதில் பாதி பொய். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் யேசுதாஸின் மகள். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். யேசுதாஸ் லாரி கிளீனராகப் போய் டிரைவரானார். பிரவீனா பி.காம். முடித்து, சின்ன காஞ்சிபுரம் ரோட்டில் வீராசாமி நடத்தும் பழைய கார் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை என்று ரசீது எழுத உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் எழுதினாள். பிறகு எழுந்து வந்து விற்க ஆரம்பித்தாள்.

அந்தக் கடை ஆட்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள். ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் குறைப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குள் மல்லிகை சென்ட் அடிப்பார்கள். வாங்க வந்தவர் யோசித்தால், "வேற பார்ட்டி கிளம்பி வந்துக்கினு இருக்காங்க சார்" என்று அணைத்து வைத்த செல்லில் பேசுவார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். பிரவீனா கண்டுபிடித்தது வேறு.

புதிதாக வண்டி வாங்கினால் மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது நம் வழக்கம். வாங்கிய பிறகு செய்கிற பூஜை அது. பிரவீனா அதை முன்னால் கொண்டுவந்தாள். வந்தவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "நல்ல நேரம் போவுதும்மா, பழத்த மட்டும் வெச்சிடலாம். வாங்கறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்பாள். பழம் நசுங்கிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னால் அபசகுனம் என்ற பயம். இவளோ ஞாயிறு தவறாமல் சர்ச் மணி கேட்டு ஆராதனைக்குப் போகிறவள். பழத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது, பழத்தை நம்புகிறவர்களை நன்றாகத் தெரியும். அவளுடைய ஜனத்துக்குப் பழத்துக்குப் பதில் ஜெபம். பானெட்டில் கை வைத்து அவளே கண்ணை மூடி ஜெபிப்பாள். ஆமென் சொன்னவர் வண்டியோடுதான் வீட்டுக்குப் போவார்.

கடையில் அவளைப்போல் விற்றவர் எவருமில்லை. மேனேஜர் நாற்காலி காலியானபோது அவளுக்குத்தான் என்று, அந்தக் கடை வண்டிகளை ரிப்பேர் பார்க்கும் நான் உட்பட எல்லாரும் நினைத்தோம். வீராசாமி தன் அக்காள் மகனை உட்கார வைத்தார். அந்தப் பையனுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. பழம் வைக்கிற வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி வேறு அவளிடம் சொன்னார். அன்றே வேலையை விட்டாள். நேராக என் ஷெட்டுக்கு வந்து, "அண்ணா, நான் படம் எடுக்கப்போறேன். உன் வெள்ளக் கார் வேணும்" என்றாள்.

"காதல் படமா?"

"கார் விக்கறவங்க படம். எல்லாரும் சிரிப்பாங்க. அப்பால வீட்டுக்குப் போயி வயித்தெரிச்சல் படுவாங்க."

கோபத்தில் எழுதிய கதை, உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. விற்கிற பெண்ணாக அவளே நடித்தாள். வேஷத்துக்கும் பிரவீனா என்றுதான் பெயர். தந்திரக்கார கிழவராக முனிரத்தினம். வீராசாமி கடையில் தலைநரைக்க உழைத்து, வயதாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர். காமிரா கிறிஸ்டோபர், கல்யாண வீடியோ எடுக்கிறவன். தென்னேரி போகிற ரோட்டில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலி மனையில் கலர் கொடி கட்டி, கடை மாதிரி செய்தோம்.

அன்றைக்குப் பழம் நசுக்கும் காட்சி. வாங்க வரும் குடும்பமாக நடிக்க வேண்டிய அவளுடைய சித்தி வீட்டார் வந்து சேரவில்லை. நான் விபூதிப் பட்டையோடு வேர்த்துக் கொட்டி நிற்கிறேன். காருக்கு மாலை போட்டாயிற்று. அப்போது ரோட்டிலிருந்து ஓர் அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் இறங்கி வந்தார்கள். பெரியநாயகி என்று பெயர், தென்னேரிக்காரர். கம்பெனி வாசல்களில் மதியச் சாப்பாடு விற்கிறவர், அண்டாக்களை ஏற்றிப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தவர். ஓரமாகத் தார்ப்பாய் நிழலில் இருந்த காமிராவை அவர் கவனிக்கவில்லை.

"இன்னாப்பா, இந்த வண்டி குடுக்கறதா?"

சினிமா ஷூட்டிங் என்று முனிரத்தினம் சொல்லியிருக்க வேண்டும். ஆயுசெல்லாம் விற்ற வாய். "உங்களுக்குன்னே நிக்குதும்மா" என்றது.

கிறிஸ்டோபர் பிரவீனாவைப் பார்த்தான். காமிராவை ஓட்டு என்று அவள் சைகை காட்டினாள். பிறகு தானும் உள்ளே நடந்துபோய், "நல்ல நேரம் போவுதும்மா" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொல்லாமல் யாரும் நிறுத்தக்கூடாது என்பது படப்பிடிப்பின் சட்டம். என் சொந்தக் காரை எவரோ வாங்கிக்கொண்டிருக்க, நானே சூடம் காட்டினேன். முனிரத்தினம் வண்டியை நகர்த்தினார். நாலு பழமும் நசுங்கின. பெரியநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்கலங்கினார்.

அப்புறம்தான் பிரவீனா கட் சொன்னாள். "அம்மா, கோச்சிக்காதீங்க, இது சினிமா. வண்டி விக்கறதுக்கு இல்ல. இவரு மெக்கானிக்கு, பூசாரியே இல்ல."

பெரியநாயகி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூசாரி பொய்யா இருக்கலாம். பழம் பொய்யா? நசுங்கிடுச்சு இல்ல, வண்டி என்னுதுதான்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். நகரமாட்டேன் என்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெறுங்கையோடு திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அழுதார். எத்தனையோ பேரை மடக்கிய பிரவீனா கும்பிட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன செய்வது, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, நியாயமான விலைக்கு அந்தம்மாவுக்கே கொடுத்தேன். கார் போய்விட்டதால் படத்தின் மீதிப் பாதியில் கார் கிடையாது. காலி மனையைக் காட்டியே கார் விற்கிறார்கள். அதற்கும் ஜனம் சிரித்தது என்பது வேறு விஷயம்.

நிஜமாக நடந்த அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். அது இல்லாவிட்டால் மிச்சம் வெறும் கூத்து. பிரவீனா தென்னேரிக்குப் போய் பெரியநாயகியிடம் அனுமதி கேட்டாள். "உங்களுக்குப் புடிக்கலன்னா வெட்டிடறேன்மா. வாக்கு குடுக்கறேன்."

"தனியா பாத்தா எனக்கு இன்னா தெரியும்? ஜனத்தோட பாத்துட்டு சொல்றேன்" என்றார் அவர்.

விஷயம் வீராசாமி காதுக்குப் போயிற்று. படம் போட பேசி வைத்திருந்த கல்யாண மண்டபம் திடீரென்று கிடையாது என்றது. என் ஷெட்டில் போட்டுக்கொள் என்றேன். மறுநாளே அவர் என்னிடம் வந்தார். இனிமேல் ரிப்பேருக்கு வண்டி அனுப்பமாட்டேன் என்று மிரட்டினார். அனுப்பாதீங்க என்றேன். பக்கத்திலிருந்த பிரவீனாவிடம் குரலைக் குழைத்தார்.

"அந்த சீன்ல மாட்டறது நானில்லம்மா, நீதான். ஊரே காறித் துப்பும். உங்கப்பன் வெளிய தலகாட்ட முடியுமா?"

"துப்பட்டும். செஞ்சவ நான், மூஞ்சி காட்டறதும் நான். நீங்க சொல்லி வெட்டமாட்டேன். அந்தம்மா சொன்னா வெட்டுவேன்."

அவர் சும்மா இருப்பாரா? தென்னேரிக்குப் பெரியநாயகியிடம் ஆள் அனுப்பினார். உன்னை வைத்து ஊர் சிரிக்கப்போகிறது, பைத்தியக்காரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஓதினார்கள். யேசுதாஸும் மகளிடம் கெஞ்சினார். போதகரிடம் தனியாகச் சொல்லிப் பாவமன்னிப்பு கேட்டால் போதாதா என்றார். "இது பாவமன்னிப்பு இல்லப்பா, சினிமா" என்றாள். வாய் அப்படிப் பேசியதே தவிர, படம் போடுவதற்கு முதல்நாள் முழுக்க அவள் ஒரு வாய் சோறு இறக்கவில்லை. பெரியநாயகி வேண்டாம் என்றால் படமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு மத்தியானம். ஷெட்டின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அடித்த பிளெக்ஸ் பேனரைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைத் திரையாகக் கட்டினோம். தகரக்கூரை கொதித்தது. ஐயம்பேட்டையே வந்திருந்தது. வீராசாமியும் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெரியநாயகி நடுவில், தரையில்.

ஷட்டரை உள்பக்கமாகப் பூட்டினேன். படம் ஓடியது. முனிரத்தினத்துக்கு விசில் பறந்தது. பழம் நசுங்கியது. திரையில் பெரியநாயகி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வண்டி என்னுதுதான் என்று அடம்பிடித்தார். ஷெட்டே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். கண்ணில் நீர் வர, தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

பெரியநாயகி எழுந்தார். அவர் நிழல் திரையில் விழுந்தது. கிறிஸ்டோபர் படத்தை நிறுத்தினான். வீராசாமி பிரவீனா பக்கம் திரும்பி, நான் சொன்னேனே என்பதுபோல் கையை விரித்தார். சுவரோரம் நின்ற பிரவீனா தலையைக் குனியவில்லை. அந்தம்மாவின் வாயையே பார்த்தாள்.

"நல்லா சிரிச்சீங்க" என்ற பெரியநாயகி வீராசாமியைக் கைகாட்டினார். "உங்கள்ல எத்தினி பேரு இவரு கடையில பழம் நசுக்கி வண்டி வாங்கினவங்க? கையத் தூக்குங்க பாக்கலாம்."

சத்தம் அடங்கியது. பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. பெண்கள் பக்கத்தில் மளமளவென்று எழுந்தன. நானும் தூக்கினேன். அந்த வெள்ளைக் காரை நான் வேறு எங்கே வாங்கினேன் என்று நினைத்தீர்கள்? மெக்கானிக்தான், ஆனாலும் பழம் நசுங்கிய பிறகு எனக்கும் வாய் வரவில்லை.

பெரியநாயகி எல்லாக் கைகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பிரவீனாவைப் பார்த்தார்.

"வெட்டாத" என்றார். கிறிஸ்டோபரிடம், "அந்த எடத்த இன்னொரு தபா போடுப்பா. மொத தபா நீங்கள்லாம் சிரிச்சீங்க. இந்தத் தபா நான் சிரிக்கணும்."

வீராசாமி எழுந்து வாசலுக்கு வந்து, ஷட்டரைத் திறக்கச் சொன்னார். சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

"உக்காருங்க சார்" என்றேன். "படம் முடியட்டும்."