ஓரத்தில் ஒரு முழங்கை

துறைமுக ஊரான டக்கோரடியில், மார்க்கெட் சர்க்கிளுக்குப் பின்னால், கப்பலில் சரக்கு வந்த இரும்புப் பெட்டியைக் கடையாக்கி உட்கார்ந்திருக்கும் எபோவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். கைராசிக்காரன். வெளிநாட்டில் கழித்துக் கட்டின பழைய கம்ப்யூட்டர்கள் துறைமுகத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். மூன்று செத்ததைப் பிரித்து, உயிருள்ள ஒன்றைக் கட்டி நிறுத்திவிடுவான். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆளுக்கு வயிற்றுக்குள் ஓர் அடுப்பு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தான். அட, கடை வாசலில் புளித்த சோளமாவை உருட்டிக் கெங்கே அவித்து விற்ற அராபாம்மாவுக்குக்கூடத் தெரியும்!

காரணம் பக்கத்துக் கடை ஃபீஃபி. போன் உறை விற்பான், பாஸ்போர்ட் படம் எடுப்பான், எந்நேரமும் வாயாடுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வந்திறங்கிய கீபோர்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன கேமரா எபோவுக்குக் கிடைத்தது. மூன்று நாள் துடைத்துத் துடைத்து அதைக் கண் திறக்க வைத்தான். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். மத்தியானம் வெயில் சாய்ந்ததும் கடையைச் சாத்திவிட்டுச் சந்தையைச் சுற்றுவான். தக்காளிக் குவியலை எடுக்கத் தரையில் குப்புறப் படுப்பான். ஒளி, நிழல், கோணம் என்று படிக்காத பாடமில்லை. எடுத்ததில் நல்லதாகப் பார்த்து ஸ்டேட்டஸில் போடுவான். பதினொரு பேர் பார்ப்பார்கள். அதில் ஒருத்தி அவன் பெண்டாட்டி.

ஃபீஃபியோ யாரிடமாவது வம்பளந்தபடி, பார்க்காமலே ஒரு கையால் அமுக்குவான். ஊரே "ஆகா!" என்று வாயைப் பிளக்கும். அவன் படத்தில் மனுஷர்கள் மூச்சு விடுவார்கள். எபோவின் படத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதில் கொடுமை, ஃபீஃபி படங்களை ஏற்றி வைத்திருந்த கம்ப்யூட்டரே எபோ கட்டிக்கொடுத்ததுதான்.

போதாததற்கு, பெண்டாட்டி கம்ஃபர்ட்டின் போனைத் திறந்தால் முகப்பில் இருப்பது ஃபீஃபி எடுத்த குடும்பப் படம்.

"ஏன்டி, நான் எடுத்ததுல ஒண்ணுகூட உனக்குப் புடிக்கலையா?"

"நீங்க எடுத்ததுல நான் ஆஸ்பத்திரி அட்டைக்கு உக்காந்த மாதிரி இருக்கேன்."

"வெளிச்சம் எவ்வளவு கச்சிதமா விழுந்திருக்கு பாரு!"

"வெளிச்சத்தைக் கட்டிக்கிட்டா நான் குடும்பம் நடத்துறேன்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எபோ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து படுத்த அராபாம்மா எழுந்திருக்கவில்லை. அறுபத்தெட்டு வயசு. சந்தையே இடிந்துபோனது. எங்கள் ஊரில் ஆள் போனால் முதல் வேலை நல்ல படம் தேடுவது. ஏழாம் நாள் கூட்டத்துக்கு ஒரு பேனர், பிறகு நாற்பது நாள் கழித்து நடக்கும் 'பெரிய சாவு' சடங்குக்கு ஆளுயரத்துக்கு இன்னொன்று. படம் சரியில்லை என்றால் குடும்ப மானமே போச்சு. யாருடைய படம் பேனரில் ஏறுகிறதோ அவன் கொஞ்ச நாளைக்கு ராஜா.

மகள் எக்குவா நேராக ஃபீஃபியிடம் வந்தாள். "ஈஸ்டருக்கு மறுநாள் அம்மாவை ஒண்ணு எடுத்தியே, மஞ்சள் துணியில, சிரிச்சிக்கிட்டு. அதுதான் வேணும்."

ஃபீஃபி தலையில் கை வைத்தான். ரெண்டு வாரமாக அவன் கம்ப்யூட்டர் படுத்துக் கிடந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் பல்லி மாதிரி டிக் டிக் என்றது. அதைக் கழற்றி, எக்குவாவோடு வந்து எபோவின் மேஜையில் வைத்தான்.

"மாஸ்டர், உங்களை விட்டா ஆளில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

எபோ கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். குவியலைக் கிளறி அதே ரகத்தில் ஒரு பழைய டிஸ்க்கைத் தேடினான். அதன் சர்க்யூட் போர்டைக் கழற்றி இதில் மாட்டினான். மூன்றாவது தடவை டிஸ்க் சீராகச் சுற்றியது. தேடிப் பிடித்துப் படத்தைத் திறந்தான்.

ஐயோ, என்ன படம்! பானை ஆவிக்கு நடுவே அராபாம்மா, இடுப்பில் ஒரு கை, விழுந்த பல்லின் இடைவெளி தெரிய, கண்ணில் தண்ணீர் வர, பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குரலே கேட்பது போலிருந்தது. எபோவுக்கு நெஞ்சு எரிந்தது. இப்படி ஒன்று, ஒரே ஒன்று, தனக்கு ஏன் விழவில்லை?

அப்புறம்தான் ஓரத்தில் அதைக் கவனித்தான். ஒரு முழங்கை. நீலச் சட்டை. கையில் கெங்கே சுற்றி வந்த வாழைச் சருகு. சட்டை அவனுடையது, முழங்கையும் அவனுடையதுதான்!

நினைவு வந்துவிட்டது. கீபோர்டைச் சோப்புப் போட்டுத் துவைத்து, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்த ஒருவரைப் பற்றி அன்றைக்கு அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குத்தான் அவள் அப்படிச் சிரித்தாள். சிரிக்க வைத்தது நான், பேர் வாங்குவது அவனா? படத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டான். டிஸ்க் மறுபடி டிக் டிக் என்னும்படி பழைய போர்டையே திரும்ப மாட்டினான். கதவைத் திறந்தான்.

"போச்சு. ஒண்ணும் பண்ண முடியல" என்றான்.

எபோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் எடுத்தது ஒண்ணு இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்கும்" என்று நீட்டினான்.

வேறு வழியில்லாமல் அதுதான் ஏழாம் நாள் பேனரில் ஏறியது. புருவத்து மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். அராபாம்மா நேராக, விறைப்பாக, கேமராவை முறைத்துக்கொண்டு நின்றாள். எபோ இஸ்திரி போட்ட சட்டையோடு பேனருக்குப் பக்கத்திலேயே காத்திருந்தான்.

"யாருப்பா இது, அராபாவோட அக்காவா?" என்று கேட்டாள் மீன்காரி ஒருத்தி.

"கண்ணாடி போட்டா ஹெட்மிஸ்ட்ரஸ்தான்" என்றாள் இன்னொருத்தி.

"ஃபீஃபி எடுத்தது இருந்திருந்தா..." என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். யார் எடுத்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. எபோவுக்குக் காதெல்லாம் சுட்டது.

கூட்டம் கலைந்தபின் எக்குவா பேனருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "மாஸ்டர், படம் நல்ல படம்தான். தப்பா நெனைக்காதீங்க. ஆனா இதுல அம்மா இல்லை. ஒரு வாரம்தான் ஆச்சு, எனக்கு அவங்க சிரிக்கிற சத்தம் மறக்க ஆரம்பிச்சிருச்சு" என்று துணி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எபோ வீட்டுக்குப் போனான். என்ன மனுஷன்டா நீ என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுநாள் காலையில், "திரும்ப ஒரு தடவை பார்த்தேன், டிஸ்க் முழிச்சிக்கிச்சு" என்று படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்போதும் முழு உண்மை வாயில் வரவில்லை, பாவி. எக்குவா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஃபீஃபி அவனைக் கட்டிப்பிடித்து, "செத்ததை எழுப்பிட்டாரு எங்க மாஸ்டர்!" என்று சந்தை முழுக்கக் கத்தினான். எபோவுக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய சாவு அன்றைக்கு ஆளுயரப் பேனரில் அந்த முழங்கையும் இருக்கும். பெயர் ஃபீஃபிக்கே போகட்டும். முழங்கை போதும். அந்த நாற்பது நாளும் அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

பெரிய சாவு வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கூட்டம், கொட்டுச் சத்தம். எபோ முண்டியடித்து முன்னால் போனான். ஆளுயரத்துக்கு அராபாம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தேடினான். முழங்கை இருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் பெயரும் வயசும் இருந்தன. அச்சடிக்கிறவன் வெட்டிவிட்டிருந்தான். அவனுக்கென்ன தெரியும், யாருடைய கையோ என்று நினைத்திருப்பான்.

"ஃபீஃபி, நீ மனுஷனே இல்லடா! உயிரோட நிக்க வெச்சிட்டியே!" என்று கம்ஃபர்ட்கூடக் கத்தினாள்.

எபோ மெதுவாக நடந்து பேனரின் அந்த ஓரத்தில் போய், அவள் பார்க்கிற பக்கமாக நின்றுகொண்டான். இப்போது அராபாம்மா அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

எதிரே ஃபீஃபி கேமராவைத் தூக்கினான். "மாஸ்டர், கொஞ்சம் தள்ளிக்கோங்க. பேனரை மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறேன்."

எபோ நகரவில்லை.

"எடுத்துக்கோ" என்றான். "அன்னைக்கும் நான் இங்கதான்டா நின்னேன்."