பாதி வெட்டிய பீச் மரம்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிழவர் ஏணியும் கைவாளுமாக வந்து கதவைத் தட்டினால் பயப்படத் தேவையில்லை. பின்வளவில் நிற்கும் மரத்தில் பாதியை அறுத்துத் தள்ளச் சொல்ல வந்திருப்பார். எங்கள் வீட்டுக்காரர் மிஸ்டர் லெஸ்லி அப்படித்தான் வந்தார். ஜூலை மாதம், மெல்பேர்னில் நடுக்குளிர்காலம். அவருடைய பீச் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. மே மாதம் இலை கொட்டத் தொடங்கியபோதே என் மனைவி புனிதம் மரம் பட்டுப்போகிறது என்று முடிவுகட்டி, காலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். குடிவந்த கையோடு வீட்டுக்காரரின் மரத்தைச் சாகடித்த பழி வந்துவிடுமே என்று அவளுக்குக் கவலை. மிஸ்டர் லெஸ்லி அதை ஜன்னலால் பார்த்துவிட்டு, மரம் தூங்குகிறது, எழுப்பவேண்டாம் என்று சொல்லிச் சிரித்தார். அந்தத் தூங்குகிற மரத்தைத்தான் இப்போது அறுக்கச் சொன்னார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குப் பீச் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் மாமரத்தைப் போல நட்டுவிட்டு மறந்துவிட முடியாது. போன வருடம் விட்ட கொப்பில் மட்டும்தான் அது காய்க்கும். ஆகவே ஒவ்வொரு குளிர்காலமும் பழைய கொப்புகளைக் கழித்து, நடுவில் வெயில் விழும்படி மரத்தைத் திறந்துவிட வேண்டும். ஆகஸ்டில் மொட்டுப் பருக்கும்போது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்க வேண்டும். தவறினால் இலையெல்லாம் சிவந்து சுருண்டு கொப்புளம் கட்டிவிடும். செப்டம்பரில் பூ. அது காயானதும் பிஞ்சுகளில் பெரும்பகுதியை நாமே பிடுங்கி எறிய வேண்டும். ஒரு பிஞ்சுக்கும் மற்றதற்கும் இடையில் ஒரு கையகலம் இடம் இருந்தால்தான் பழம் பழமாக வரும். ஜனவரியில் பறிப்பு. மட்டக்களப்பில் புது மருமகனுக்குக்கூட இத்தனை பணிவிடை நடப்பதில்லை.

எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததே மரத்தால்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் நிறத்தைக் கதவிடுக்கால் பார்த்ததும், வீடு நேற்றே கொடுபட்டுவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லுவார்கள். அப்படி எட்டு வீடு ஏறி இறங்கினோம். ஒன்பதாவது வீட்டில் மிஸ்டர் லெஸ்லி எங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை, என் உயரத்தைப் பார்த்தார். பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்து ஒற்றை அறையில் அவர் தனியாக இருந்தார். அந்த மரம் அவருடைய மனைவி டொறீன் நட்டது. டொறீன் காலமாகிவிட்டார். கிழவருக்குக் கை நடுக்கம், ஏணியில் ஏற முடியாது. வாடகை மட்டும் கொடுத்தால் போதாது, மரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், நீ பார்க்காவிட்டால் பார்க்கிற வேறு ஆளுக்கு வீட்டைக் கொடுப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கைகொடுத்து ஒப்புக்கொண்டேன். மரம் ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

ஜூலையில் அவர் கைவாளை நீட்டியபோது புனிதத்துக்கு வயிற்றில் மூன்று மாதம். அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வெட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. என் கை முன்னுக்குப் போகவில்லை.

காரணம் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு வளவு என்று ஒன்று கிடையாது. பிறந்த வீடு அக்கா தங்கைக்கு. கல்யாணம் முடித்தால் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில் போய் இருக்கவேண்டும். நான் அமிர்தகழியில் பிறந்தவன். புனிதத்தைக் கல்யாணம் முடித்து ஆரையம்பதிக்குப் போனேன். அடுத்த வளவில் மாமி. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியோரமாக ஒரு முருங்கை நின்றது. புனிதம் முதற்பிள்ளைக்கு ஐந்து மாதமாக இருந்தபோது அதில் மசுக்குட்டி என்கிற மயிர்ப்புழு பிடித்தது. கிணற்றடிக்குப் போகும் வழியெல்லாம் கொட்டி ஊர்ந்தது. அவளுடைய கழுத்தும் கையும் தடித்துச் சிவந்துபோயின. ஒரு சனிக்கிழமை நான் கோடரியை எடுத்தேன். மாமி வேலிக்கு அப்பால் வந்து நின்றார்.

“புள்ளத்தாச்சி இருக்கிற வீடு மருமகன். புரிசன்காரன் மரத்தில கத்தி வெக்கப்படா. புள்ள பிறந்த புறகு வெட்டலாம்.”

அப்போது நான் நீர்ப்பாசனப் பகுதியில் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தேன். விஞ்ஞானம் படித்தவன் என்ற திமிர் வேறு. மசுக்குட்டிக்கு நாள் நட்சத்திரம் தெரியாது மாமி என்று சொல்லிவிட்டு அடியோடு தறித்தேன். பன்னிரண்டாம் நாள் பிள்ளை இல்லாமற் போயிற்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் அதற்கு ஒரு காரணம் சொன்னார். நான் அதை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். மாமி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. புனிதமும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் வாய்விட்டு ஏசியிருந்தால் நான் வாதாடி வென்றிருப்பேன். ஒருவரும் ஏசாதபடியால் அந்த வழக்கு எனக்குள்ளேயே ஆறு வருடம் நடந்துகொண்டிருந்தது. அதன்பிறகு புனிதத்துக்கு வயிற்றில் தங்கியது மெல்பேர்னில்தான்.

இதையெல்லாம் கிழவருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? எனக்குத் தெரிந்தது கந்தோர் ஆங்கிலம், அலுவலகக் கோப்புகளில் எழுதுகிறது. வாய்க்கால், மதகு, கன அடி என்று கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவேன். தோள் நோகிறது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். பாவம், மனிதர் உள்ளே போய் ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்தார். குதிரைக்குப் பூசுகிற எண்ணெயாம், மனிதருக்கும் நல்லதாம். சட்டையைக் கழற்றச் சொல்லி, நடுங்கும் கையால் தானே தேய்த்துவிட்டார். இரண்டு கிழமை அந்த நாற்றத்தோடு வேலைக்குப் போய்வந்தேன். மூன்றாம் கிழமை, சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையைக் காரிலிருந்து தூக்கி அதே தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், எதிரே மிஸ்டர் லெஸ்லி. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து, மொட்டுப் பருக்க முன்னம் மரத்தை வெட்டாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு இன்னும் எட்டு வீடு ஏற எனக்குத் தெம்பில்லை.

அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது கைவாள் அதன் ஆணியில் தொங்கியது. புனிதம் கிழவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதில் கால்வாசி. எப்படிப் பேசினாய் என்று கேட்டேன். என்னைக் காட்டி, ஏணியைக் காட்டி, மரத்தைக் காட்டி, பிறகு தன் வயிற்றைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாளாம். கிழவர் உடனே விளங்கிக்கொண்டாராம். என்ன விளங்கிக்கொண்டார் என்பது அடுத்த நாள் தெரிந்தது. தகப்பனாகப் போகிறவன் ஏணியிலிருந்து விழுந்துவிடக் கூடாது, முதலே சொல்லியிருக்கலாமே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று என் முதுகில் தட்டினார். உயரத்துக்குப் பயந்தவன் என்ற பெயரோடு வீடு தப்பியது.

பிறகு அவரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கைக்கு எட்டிய கீழ்க் கொப்புகளை ஒரு கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். மேற்பாதி அப்படியே நின்றது. மயில்துத்தத்தை நான் அடித்தேன். பம்பு இருந்தபடியால் நிலத்தில் நின்றே அடிக்க முடிந்தது. உரம் போட்டேன், வைக்கோல் பரப்பினேன், கத்தி படாத வேலை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தேன். செப்டம்பரில் மரம் இரண்டு மரமாகப் பூத்தது. கீழே அளவாக, மேலே கொப்பே தெரியாமல். பிஞ்சு பிடித்ததும் கிழவர் கீழ்ப்பாதியில் பிடுங்கிப் போட்டார். புனிதம் அந்த நாட்களில் பின்கதவைத் திறக்கவேயில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிஞ்சு உதிர்வதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. மேற்பாதிக்கு ஏணி வேண்டும். ஏணியைப் பற்றி மிஸ்டர் லெஸ்லி வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மேலே பார்த்துவிட்டு உள்ளே போவார்.

மகள் ஜனவரியில் பிறந்தாள். சுகமாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மூன்றாம் நாள், நல்ல வெயில் நேரம், வளவில் ஒரு பெரிய முறிவுச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மேற்பாதியின் பெருங்கொப்பு காய்ப் பாரம் தாங்காமல் அடியிலிருந்து பிளந்து நிலத்தில் கிடந்தது. கொட்டைப்பாக்கு அளவில் நூற்றுக்கணக்கான காய்கள். கிழவர் பக்கத்தில் நின்றார். ஒரு பிள்ளைக்காக இன்னொருவரின் மரத்தைப் பிளந்துவிட்டோம் என்று எனக்குப் பட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? முருங்கை, மசுக்குட்டி, மாமி, பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் என் கந்தோர் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏணிக்கு நான் பயப்படுகிறவன் அல்ல என்பதையும் சொன்னேன்.

அவர் கைக்குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். பிள்ளை பிறக்க முன்னம் வண்டியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது டொறீனின் ஆட்கள் பார்க்கிற வழக்கமாம். வாங்கிய வண்டியை டொறீனின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்களாம்.

“அந்த வண்டி இந்த வீட்டுக்கு வரவேயில்லை. அந்தக் குளிர்காலம்தான் அவள் இந்த மரத்தை நட்டாள்” என்றார்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்து இரண்டு தரமும் பிழையாகச் சொன்னார். பின்னேரம் கீழ்ப்பாதியில் பழுத்த பழங்களில் ஒரு வாளி எங்கள் குசினிப் படியில் இருந்தது.

அடுத்த ஜூலையில் அவர் வந்து தட்டவில்லை. கைவாளை நானே எடுத்து, ஏணியைச் சாத்தினேன். கிழவர் முக்காலியில் உட்கார்ந்து, எந்தக் கொப்பு, எந்தக் கணு என்று கைத்தடியால் காட்டினார். ஏணியில் ஏறியபிறகும் என் கை தயங்கியது. புனிதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வந்து நின்றாள்.

“அந்தப் புள்ள முருங்கையால போகல்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “நீங்கதான் அதை நெஞ்சில வெச்சுக்கொண்டு திரிஞ்சீங்க. உங்களுக்காகத்தான் கிழவனிட்ட போய்ச் சொன்னன். இப்ப வெட்டுங்க.”

தமிழில் சொன்னபடியால் கிழவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. அவளுக்காக நான் பொறுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காக மரத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஏணியின் மேலே நின்று அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். கிழவர் நான் மறுபடி உயரத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். எழுந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெட்டி முடிந்ததும் அவர் ஒரு சிறிய தகரத்தில் கறுப்பு மருந்தும் தூரிகையும் கொண்டுவந்தார். வெட்டுவாயில் பூசவேண்டுமாம். நான் அதற்கு முன்னமே புறநகர்ப் பண்ணை ஒன்றில் கேட்டு வாங்கிய மாட்டுச் சாணியை வாளியில் குழைத்து வைத்திருந்தேன். முருங்கையை வெட்டினால் நம்மவர்கள் வெட்டிய கொப்பின் நுனியில் அப்பிவிடுவது அதைத்தான். அவர் வாளியைப் பார்த்தார். நான் தகரத்தைப் பார்த்தேன். அவரவர் பக்கத்துக்கு அவரவர் பூசினோம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மரத்தின் ஒரு பக்கத்துக் காயங்களில் அவருடைய கறுப்பு மருந்தும், மறுபக்கத்துக் காயங்களில் என்னுடைய சாணியும் இருந்தன. ஆகஸ்ட் கடைசியில் மொட்டு உடைந்தபோது, எந்தப் பக்கம் முதலில் தளிர்த்தது என்று மிஸ்டர் லெஸ்லி கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். நாள்தோறும் விடியற்காலையில் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு பக்கத்தின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.