மாமி பார்த்த சிவப்பு விளக்கு

இன்னைக்கு மக லேப்டாப்ல ஏதோ ஒலிப்பதிவு பண்ணிட்டிருந்தா. "உம்மா, ஏதாவது பேசுங்க, சத்த லெவல் பாக்கணும்"னா. திரையில பச்சைக் கோடு காத்துக்கிட்டிருக்கு. எனக்குப் பழைய கேசட்டு ஞாபகம் வந்துடுச்சு.

எண்பதுகள்ல, கல்யாணமான புதுசுல, மச்சான், அதான் என் வீட்டுக்காரர், துபாய்ல இருந்தாரு. கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவோம். காரைக்கால் வீட்டுக் கூடத்துல குடும்பமே சுத்தி உக்காந்திருக்கும். அவர் வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டர்ல, பேசுற சத்தம் ஏற ஏற, பச்சையிலேருந்து சிவப்பு வரைக்கும் விளக்கு வரிசையா எரியும். அதைப் பாக்குறது மாமியாரோட பொறுப்பு.

நான் மைக்கை ஒட்டி, "எப்ப வருவீங்க மச்சான்"னு மெதுவாக் கேட்டேன்.

"ஒரு விளக்குகூட எரியல புள்ள. சத்தமாச் சொல்லு, அவனுக்குக் கேக்க வேணாமா?"ன்னாங்க மாமி.

கொழுந்தன், நாத்தனார் எல்லாரும் என் வாயையே பாத்தாங்க.

"நான் நல்லா இருக்கேன்"னு கத்தினேன். சிவப்பு வரைக்கும் எரிஞ்சுது. மாமிக்குத் திருப்தி.

அவர்கிட்டேருந்து வந்த கேசட்டையும் கூடத்துலதான் போட்டாங்க. "நல்லா இருக்கேன்"னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. டேப்பு கோளாறுன்னாங்க மாமி.

இன்னைக்கும் மைக் முன்னாடி எனக்கு வந்தது அதேதான். "நான் நல்லா இருக்கேன்."

"சிவப்புக்குப் போவுது உம்மா, மெதுவாப் பேசுங்க"ங்கிறா மக.

இப்பச் சொல்றா.

உங்க வீட்டுல விளக்கு பாத்தது யாரு?