முகம் பார்த்துப் பிள்ளை கொடுக்காதவள்

என் தங்கைக்கு முகங்கள் மனதில் தங்காது. கண்ணில் கோளாறு இல்லை; ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்துவிடுவாள். ஆனால் நானே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு எதிரே போனால், வாய் திறக்கும்வரை யாரோ என்றுதான் நினைப்பாள். நடை, குரல், செருப்புச் சத்தம் இவற்றை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொள்வாள். தெருவில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். “பாத்தும் பாக்காத மாதிரி போறா மகாராணி” என்பார்கள். சொன்ன வாய்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு முகம் மறக்காது.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். சாயங்காலம் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒப்படைப்பது அவள் பொறுப்பு. யார் வந்தாலும் காப்பகம் கொடுத்த அடையாள அட்டையை வாங்கி, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறப்பாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு பிள்ளைகூட ஆள் மாறிப் போனதில்லை.

போன மாதம் ஒருத்தி அட்டை இல்லாமல் வந்தாள். மேலே மழைக்கோட்டு, சளியில் தொண்டை வேறு கட்டியிருந்தது.

“மூணு வருஷமா தினம் வர்றேன். என்னைத் தெரியலயா உனக்கு?”

“அட்டையைக் காட்டுங்கம்மா.”

“எம் பொண்ணு அம்மான்னு கத்துறா, காது கேக்கலயா?”

“வாசல்ல யாரு நின்னாலும் பிள்ளைங்க அப்படித்தாங்க கத்தும்.”

வீட்டிலிருந்து அட்டை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கதவு திறக்கவில்லை. பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

மறுநாள் சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். புகார் கொடுத்தவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் அப்படி நடந்துகொண்டேன், மன்னியுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் வேலை தங்கும் என்றார் மேலாளர்.

“எழுதிக் குடுத்துத் தொலைடி” என்றேன்.

“நான் கோவப்படலயே அக்கா.”

‘எனக்கு முகம் அடையாளம் தெரியாது, அதனால்தான் எல்லாரிடமும் அட்டை கேட்கிறேன்’ என்று நிதானமாக எழுதி நீட்டினாள். மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

“இது தெரியாமலா உன்கிட்ட இத்தனை பிள்ளைங்கள விட்டிருந்தோம்?”

“முகத்தை நம்பாததாலதான் மேடம் ஒரு தப்பும் நடக்கல.”

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

நாற்காலிக்காரி கைப்பைக்குள் எதையோ தேடினாள். சிரிப்பை மறைக்கத்தான்.

வெளியே வந்தோம். வாசலில் அன்றைக்கு அவள் இடத்தில் நிறுத்தியிருந்த புதிய வேலைக்காரப் பெண், ஒருவரைப் பார்த்துச் சிரித்தபடியே கதவைத் திறந்துவிட்டாள். அட்டை கேட்கவில்லை. அவர் ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தங்கை நின்றுவிட்டாள். “அக்கா, அட்டையை வாங்கிப் பாக்கச் சொல்லேன்.”

“அவளுக்குத்தான் முகம் தெரியுதே. நீ நட” என்றேன்.