மௌலவியின் குடை

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காக நிற்கிறேன். படகு தயார், பயணிகளும் தயார். ஆனால் கரையில் புதிதாகக் கட்டிய பயணிகள் மண்டபத்தை அமைச்சர் திறந்துவைத்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாமாம்.

"எப்ப வெளிக்கிடுவீங்கள்?" என்று படகோட்டியிடம் கேட்கிறேன்.

"நாலு சமயமும் நேரத்துக்கு வந்திட்டுது. அரசாங்கத்தைத்தான் இன்னும் காணேல்ல," என்கிறார் அவர்.

உண்மைதான். பிக்கு, ஐயர், மௌலவி, பாதர் நால்வரும் வரிசையாகக் கதிரைகளில் இருக்கிறார்கள். பிக்குவின் கதிரைக்கு மட்டும் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. இப்படியான விழாக்களில் அடிக்கடி சந்திப்பவர்கள் போலும். ஐயர் சொல்லும் முழங்கால் எண்ணெயின் பெயரைப் பாதர் கைபேசியில் குறித்துக்கொள்கிறார்.

ஒருவழியாக அமைச்சர் வந்து, மெழுகுதிரியோடு குத்துவிளக்கின் முன்னால் நிற்கிறார். கடற்காற்று விடுவதாயில்லை. விளக்குத் திரி பற்றுவதும் அணைவதுமாக இருக்கிறது. விளக்கேற்றுவது தன் வழக்கமில்லை என்று ஒதுங்கி நின்ற மௌலவி, தன் பெரிய கறுப்புக் குடையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடிக்கிறார். சுடர் நிமிர்ந்து நிற்கிறது. நாங்கள் எல்லோரும் கைதட்டுகிறோம்.

"மௌலவி, குடையை ஒருக்கா மடக்குங்கோ! அமைச்சரின்ட முகம் மறையுது," என்று படம் எடுப்பவர் கத்துகிறார்.

மௌலவி சிரித்துக்கொண்டே மடக்குகிறார். சுடர் போய்விடுகிறது. அணைந்த விளக்கைப் பார்த்து அமைச்சர் புன்னகைக்க, படம் எடுத்தாயிற்று. படகோட்டி கயிற்றை அவிழ்க்கிறார்.

"விளக்கு நூந்திட்டுதே?" என்கிறேன்.

"ஏறுங்கோ. அது நாளைக்குப் பேப்பரில எரியும்."