நூற்றைம்பது டிகிரியும் ஒரு சிட்டிகை உப்பும்

எங்கள் தொழிலில் ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் ஆயுள் போகிறது. ஒட்டி வைத்த எதையாவது நம்பி ஒரு இரவாவது தூங்காமல் கிடந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: நான் லென்ஸ் வடிவமைக்கிறவன். இருவகைக் கண்ணாடிகளை நடுவில் பசையிட்டு ஒன்றாக்கினால் படம் துல்லியமாக விழும். சூடு ஏறினால் ஒரு கண்ணாடி அதிகமாக விரியும், இன்னொன்று குறைவாக. நடுவில் மாட்டிக்கொண்ட பசையின் நிலைமையைக் கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் பட்டறை மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருக்கிறது. சிமெண்ட் சூளைக்குள் எட்டிப் பார்க்கும் கேமராவுக்கு லென்ஸ் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கி ஆறவைக்க வேண்டும். பத்துத் தடவை அப்படிச் செய்தும் பிரியக்கூடாது. மூன்று வாய்ப்பு தருவார்கள்.

திறந்த கதவு

பசை புற ஊதா விளக்கில் இறுகும் வகை; வெயிலிலும் அந்த ஒளி உண்டு. அதனால் ஜன்னல்களுக்கு மஞ்சள் காகிதம் ஒட்டி, கதவைச் சாத்தியே வைத்திருப்போம். பசையிட்டபின் மேல் கண்ணாடியை மெல்ல நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒட்டும் வேலை செல்வியுடையது. எட்டு வருடம் உப்பு வாரிவிட்டு இங்கே வந்தவர். அவர் விரலுக்கு இருக்கும் பொறுமை எனக்கு மனதுக்குக்கூடக் கிடையாது.

உச்சி வெயிலில் ஒருநாள், விருந்தினர் ஒருவருக்குக் காட்டுவதற்காக முதலாளி கதவை விரியத் திறந்தார். எதிரே மலைமலையாக வெள்ளை உப்பு. வெயில் அதில் பட்டு நேராக மேசைமேல் விழுந்தது. நடுவுக்கு வராத ஆறு லென்ஸ்கள் இருந்த இடத்திலேயே இறுகிவிட்டன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். முதலாளி ஒன்றை எடுத்து அசைத்துப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இல்லை.

“ஏம்பா, வெயில்லயே ஒட்டுதுன்னா அந்த லைட்ட எதுக்கு வாங்குனோம்?”

மயில் கழுத்து

முதல் சோதனைக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இன்ஜினியர் ரேவதி வந்தார். அதிகம் பேசமாட்டார். அடுப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான்காவது சுற்றில் லென்ஸை வெளியே எடுத்தபோது ஓரங்களில் நீலமும் பச்சையும் வளையமாக ஓடின. பசை விட்டுப்போய்க் காற்று புகுந்தால் அப்படித்தான் தெரியும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, “நிறம் கொஞ்சம் வந்திருக்கிறது” என்றேன்.

அவர் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மயில் கழுத்து கலர், நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நாங்க ஆர்டர் குடுத்தது பட்டுப்புடவைக்கு இல்ல.”

மெமோ

பசையை இன்னும் மெல்லியதாக அழுத்தச் சொன்னேன். மெல்லிய பசைதான் நல்ல பசை என்று நான் படித்த புத்தகங்களெல்லாம் சொல்லின. இரண்டாவது சோதனையிலும் எல்லாம் பிரிந்தன. ஒன்று மட்டும் வினோதமாக இருந்தது. அதன் ஒரு பாதி பிரிந்திருந்தது, மறுபாதி ஒட்டியபடியே இருந்தது. அளந்து பார்த்ததில் மேல் கண்ணாடி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பசைக்குள் ஏதோ விழுந்திருக்க வேண்டும்.

பழிபோட முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. தூசு விட்டவரைத் திங்கட்கிழமை நிறுத்திவிட வேண்டும், அதற்கு நான் மெமோ எழுத வேண்டும் என்றார். எழுதினேன். பூ வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது என்று நான் போட்ட விதிகளில் ஒன்றைக்கூட மீறாத செல்விக்கு, ‘கவனக்குறைவு’ என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டுமுறை படித்தார்.

“எல்லாம் எழுதிட்டீங்க சார். என்னா தூசுன்னு மட்டும் எழுதலையே?”

ஒரு சொட்டுத் தண்ணீர்

கேள்வி நியாயமானது. அந்த லென்ஸைக் கரைப்பானில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பிரித்தேன். கண்ணாடியின் ஓரத்தில் பொடிப்பொடியாக மூன்று மணிகள். கண்ணாடித்தூளாக இருக்கும் என்றேன். செல்வி கையுறையைக் கழற்றாமல், துளிக்குழாயால் ஒரு மணியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சிறிது நேரத்தில் மணி இல்லை. ஒளியை உப்பும் எங்கள் பசையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வளைக்கும். அதனால் பசைக்குள் உப்பு விழுந்தால் எந்தச் சோதனையிலும் கண்ணில் படாது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி பட்டா காணாம போறது எங்க ஊர்ல இது ஒண்ணுதான் சார்.”

குற்றவாளி

சொன்னவுடனே அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உப்பு என்றால் யார்மேல் பழி விழும்? அவர் கணவர் இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறார். நான் மிச்ச இரண்டு மணிகளையும் நுண்ணோக்கியில் வைத்தேன். பகடைக்காய்போல எல்லாப் பக்கமும் அளவெடுத்த சின்னக் கனசதுரங்கள். உடைந்த கல்லுப்பு இப்படி ஒழுங்காக இருக்காது.

செல்வியும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் மேசை இழுப்பறையைப் பார்த்தார். அதற்குள் நான் திண்டிவனம் பஸ் நிலையத்தில் தினமும் வாங்கும் கொய்யா இருந்தது. பக்கத்திலேயே, கடையில் வாங்கிய தூள் உப்புப் பாக்கெட்டும் இருந்தது.

“எங்க வூட்ல கல்லுப்பு சார். உப்பளத்துல உக்காந்துகினு பாக்கெட் உப்பு வாங்கித் தின்றது நீங்க ஒருத்தர்தான்.”

திங்கட்கிழமை

மெமோவைக் கிழித்துவிட்டு முதலாளியிடம் போய், தூசு விட்டது நான்தான் என்றேன். எதனால் என்றும் சொன்னேன்: தின்ற கையோடு ஒட்டும் மேசையில் கண்ணாடிகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கொய்யாவையும் மறைக்கவில்லை. ‘திங்கட்கிழமை நிறுத்திவிட வேண்டும்’ என்ற தன் வாக்கியத்தை அவர் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

“உன்ன நிறுத்துனா டிராயிங் யாருப்பா போடறது? போ, கையக் கழுவு.”

காரணம் எழுதும் கட்டம்

உப்பு தூக்கிப் பிடித்த பக்கம்தான் பிரியாமல் நின்றது என்பது கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அங்கே பசை தடிமன். இரண்டு கண்ணாடிகளும் வேறுவேறு அளவுக்கு விரிந்தாலும், தடித்த பசை இரண்டு பக்கமும் இழுபட்டுக் கொடுத்திருக்கிறது. மூன்றாவது வாய்ப்புக்கு, ஓரத்தில் மூன்று இடத்தில் மெல்லிய தகடு வைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டேன். செல்வி ஒட்டினார். பத்துச் சுற்று முடிந்தது. ரேவதி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். மயில் இல்லை. கையெழுத்துப் போடப்போனவர், படிவத்தில் ஒரு கட்டத்தில் நின்றார்: பசையின் தடிமனை மாற்றக் காரணம் என்ன?

நான் ‘வெப்ப விரிவு’ என்று தொடங்கி, செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். ரேவதி முதல்முறையாகச் சிரித்தார். இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். செல்வி அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சமையல் குறிப்புல போடுவாங்களே மேடம், உப்பு தேவையான அளவுன்னு, அப்டியே போடுங்க.”

இப்போதெல்லாம் நான் கொய்யாவை உப்பில்லாமல்தான் தின்கிறேன்; ருசி போய்விட்டது, லென்ஸ் மட்டும் பிரிவதில்லை.