எண்ணெய் எழுந்திருக்கட்டும்

கதவைத் திறந்துவைத்து, இடக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலக்கையால் கதவுச் சட்டத்தை அழுத்தியபடி கொகுரே சான் தன் காரைத் தள்ளிக்கொண்டு போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, இன்னும் சரியாக விடியவில்லை. கார் கெட்டுப்போகவில்லை. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி புதிது. தெரு முடிந்து வாய்க்கால் சாலை தொடங்கும் இடத்தில், கொன்னியாகு கிழங்கு வயல்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். எங்கள் வாசலிலிருந்து அது நூற்றைம்பது மீட்டர். போகும்போது லேசான இறக்கம், வரும்போது அதே அளவு ஏற்றம்.

காரின் எடை ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். கொகுரே சான் ஐம்பத்து நான்கு கிலோ. வயது ஐம்பத்தொன்பது. வாரத்தில் ஆறு நாள் கொன்னியாகு ஆலையில் சுண்ணாம்புத் தண்ணீரில் கையை விட்டு, கிழங்கு மாவுக் கட்டிகளைத் தட்டுத் தட்டாகத் தூக்குகிற வேலை. விரல் நுனிகள் வெடித்து, பத்திலும் ஒட்டுத்துணி சுற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்கள் படுக்கையில் புரள்வார்கள். இவர் காரைத் தள்ளுகிறார்.

நான் எதிர்வீடு. சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள். எனக்கும் வாரத்தில் நிம்மதியாகத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தள்ளலில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சிவப்பு நிறம், இரண்டே கதவு, முப்பது வயதான டர்போ வண்டி. இளைஞராக இருந்தபோது வாங்கி, இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறார். அதற்கு உடம்பு சூடாகாமல் ஓடக் கூடாது, சூடு தணியாமல் நிற்கவும் கூடாது. "தண்ணி சீக்கிரம் சூடாயிடும், அத நம்பிடக் கூடாது. எண்ணெய் சோம்பேறி. அது எழுந்திருக்கட்டும்" என்பார். எண்ணெய்க்கென்று தனியாக ஒரு முள் வைத்திருக்கிறார். அது எண்பதைத் தொடும்வரை காலை ஆக்ஸிலேட்டரில் வைப்பது, தூங்குகிற ஆளை முதுகில் மிதிப்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

ஒரு தடவை அந்த முள்ளை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பனி கொட்டிய ஒரு நாள் பஸ் வரவில்லை. "வாங்க ஹகிவாரா சான், ஸ்டேஷன்ல விட்டுடறேன்" என்றார். ஸ்டேஷன் ஐந்து நிமிடத் தூரம். ஏறி உட்கார்ந்தேன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"போகலாமா?" என்றேன்.

"எண்ணெய் எழுந்திருக்கட்டும்."

"எனக்கு ஏழு இருபதுக்கு ரயில்."

"தெரியும். அதுக்கும் தெரியணும்ல?"

முள் நாற்பதில் கிடந்தது. நாங்கள் இருவரும் அடுப்பில் பால் வைத்தவர்களைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நடை வேகத்தில் ஊர்ந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் ரயிலின் பின்பக்கம் தெரிந்தது. கொகுரே சான் இறங்கி, பனியில் நின்று, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

சூடு தணிப்பது இதைவிடப் பெரிய விவகாரம். மலையிலிருந்து இறங்கி வந்ததும் மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுவார். அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு தகரக் குவளைக் காபி. "நாம நிறுத்திட்டாலும் உள்ள அந்த டர்போ காத்தாடி சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். எண்ணெய் போகலைன்னா அங்கயே கருகி ஒட்டிக்கும்" என்பார். வண்டியைப் பழுது பார்க்கிறவர், கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தால் போதும், இதெல்லாம் வேண்டியதில்லை என்று என் முன்னாலேயே சொன்னார். "நீங்க சொல்றது சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைத்தார். மனிதரோடு வாதாடிப் பயனில்லை, அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் மனைவி கசுயோ சான்தான் எனக்குச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் முதல்முறை ஆகாகி மலையில் சந்திப்பதாக ஏற்பாடு. மேலே கசுயோ சான் தன் தோழியோடு காத்திருந்தார். கொகுரே சான் அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறிவந்து, வண்டியை நிறுத்தி, சட்டென்று அணைத்துவிட்டு ஓடிவந்தாராம். மூன்றாவது வாரம் பின்னாலிருந்து நீலப் புகை. டர்போ போய்விட்டது.

"என்கிட்ட வந்து பேச அவ்வளவு அவசரம்" என்று கசுயோ சான் சிரித்தார். "வந்து என்ன பேசினாருன்னு கேளுங்க. 'இன்னைக்குக் காத்து ஜாஸ்தி'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இந்த முப்பது வருஷத்துல எங்கிட்ட அவசரமா அவர் ஓடிவந்ததே இல்ல."

சரி, இவ்வளவு சீராட்டிய வண்டியை மலையில் என்னதான் செய்கிறார் என்றால், ஒன்றும் செய்வதில்லை. காய்கறி லாரிகள் இவரைத் தாண்டிப் போகின்றன. மேலே ஏறும் வழியில் ஒரே ஒரு நேர்ப்பாதை இருக்கிறது. அங்கே மட்டும் மிதிப்பாராம். "பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்று என்னிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. அந்தப் பத்து நொடிக்காகத்தான் முன்னால் அவ்வளவு நேரமும் பின்னால் அவ்வளவு நேரமும்.

அந்தப் பத்து நொடியைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. எனக்கு உறைத்ததெல்லாம், ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் ஜன்னலுக்கு நேர் எதிரே பத்து நிமிடம் ஓர் இன்ஜின் உறுமுகிறது, ஏழேகாலுக்குத் திரும்பிவந்து இன்னும் மூன்று நிமிடம் உறுமுகிறது என்பது மட்டும்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. பனியில் குனிந்து நின்ற மனிதரிடம் எப்படிச் சொல்வது? போன இலையுதிர் காலத்தில், கடையில் கால் வீங்கிப்போன ஒரு வாரக் கடைசியில், தெருச் சங்கத் தலைவர் இசோபே சானின் தபால் பெட்டியில் பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன்.

பத்து நாளில் சுற்றறிக்கைப் பலகை கிளம்பியது. அட்டையில் செருகிய அந்தத் தாள் வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். இசோபே சான் பழைய பள்ளி அலுவலர், யாரையும் நோகடிக்காமல் எழுதத் தெரிந்தவர். 'ஞாயிறு அதிகாலையில் ஏதோ ஒரு வாகனத்தின் இன்ஜின் நீண்ட நேரம் ஓடுவதாகத் தெரிகிறது. நாம் அனைவரும் ஒருவருக்கொருவர் கவனமாக நடந்துகொள்வோமாக.' எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. ஞாயிறு அதிகாலையில் ஓடுவது ஒரே ஒரு வண்டி.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. வரிசைப் பொறுப்பாளர் முறை வருடா வருடம் வீடு மாறும். அந்த வருடம் அது கொகுரே சான் வீடு. பலகையைக் கிளப்பி வைக்க வேண்டியவரே அவர்தான்.

மற்றவராக இருந்தால் முதல் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு ஒளிந்துகொண்டிருப்பார். இவர் ஆலையிலிருந்து வந்த கையோடு, உடை மாற்றி, தலை வாரி, பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் தானே போனார். என் கதவு மணியும் அடித்தது.

"ஹகிவாரா சான், இதுல 'ஏதோ ஒரு வாகனம்'னு போட்டிருக்கறது என் வண்டிதான். படிச்சுட்டு ஒரு முத்திரை வையுங்க. ரொம்ப நாளாத் தொந்தரவு குடுத்துட்டேன்."

"ஐயோ, எனக்கொண்ணும் தொந்தரவு இல்லையே" என்றேன். நாக்கு கூசவில்லை, அதுதான் ஆச்சரியம். முத்திரையைத் தேட உள்ளே போனபோதுதான் கன்னம் இரண்டும் எரிந்தன. குத்தியது கோணலாக விழுந்தது.

அடுத்த ஞாயிறு இன்ஜின் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக டயரடியில் கல் நெறிபடும் சத்தமும், மூச்சு வாங்கும் சத்தமும். திரையை விலக்கிப் பார்த்தேன். தள்ளிக்கொண்டு போனார். யாரும் அவரைத் தள்ளச் சொல்லவில்லை. வாய்க்கால் பக்கம் வண்டி நிறுத்த மாத வாடகைக்கு இடம் கிடைக்குமே என்று இசோபே சான் கேட்டதற்கு, "வெளியில நிறுத்தினா காத்துல கல்லு வந்து அடிக்கும். எனக்குத் தூக்கம் போயிடும்" என்றாராம். அன்றிலிருந்து அவருக்குப் பதில் நான்தான் தூங்குவதில்லை. ஆறு மணிக்கு முன்னாலேயே விழித்து, அவர் பத்திரமாக வாய்க்கால் சாலையை அடையும்வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

ஜனவரியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாள் ஆலைக்குப் போகாமல் கிடந்தார். கசுயோ சான் சத்தம் போடுகிற ஆளில்லை. அன்று போட்டார். எதிர்வீடு வரை கேட்டது.

"தள்ளுங்க, வேண்டாங்கல. ஆனா என்னைக்கு உங்களால தனியாத் தள்ளிக் கொட்டகைக்குள்ள விட முடியலையோ, அன்னைக்கே அந்த சைதாமா ஆளுக்கு போன் பண்ணிடுவேன். அவர் ரெண்டு தடவை வண்டிய விலைக்குக் கேட்டுட்டாரு. நடுத்தெருவுல நீங்க விழுந்து கிடக்கறத வந்து தூக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

"சரி" என்றார் கொகுரே சான்.

"என்ன சரி?"

"நீ சொல்றது சரிதான்."

அவர் ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். வண்டி இனி அவர் முதுகைப் பொறுத்தது. அதற்குப் பின் ஒவ்வொரு ஞாயிறும் ஏழேகாலுக்கு, கசுயோ சான் சமையல் துணியைக் கட்டியபடியே வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். உதவிக்கு அல்ல, பார்ப்பதற்கு.

போன ஞாயிறு மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் குளிர்காலக் காற்றில் சைக்கிளே பின்னால் போகும். கொகுரே சானுக்கு இரண்டு நாளாகச் சளி. வாய்க்கால் சாலையிலிருந்து எதிர்காற்றில் ஏறிவந்தார். பத்து அடி, நிறுத்தம், கைப்பிரேக். பத்து அடி, நிறுத்தம், கைப்பிரேக். என் வாசலுக்கு வந்ததும் பின்சக்கரம் சாக்கடை மூடியின் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. கொட்டகை இன்னும் ஏழெட்டு மீட்டர்தான். ஒரு தரம் தள்ளினார். அசையவில்லை. நெற்றியைக் கூரையில் சாய்த்து நின்றார். மறுபடி தள்ளினார். செருப்பு வழுக்கி முழங்கால் தரையில் பட்டது.

எதிரே கசுயோ சான் கைகளைச் சமையல் துணிக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இரவு உடைக்கு மேல் பஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலைகூடச் சீவாமல் இறங்கி ஓடினேன்.

கொகுரே சான் என்னைப் பார்த்ததும் நிமிர முயன்றார். "எழுப்பிட்டேனா? மூச்சு சத்தம் கேட்டுடுச்சா? மன்னிச்சுக்குங்க."

"ஸ்டார்ட் பண்ணுங்க. ஏழெட்டு மீட்டர்தானே, ஸ்டார்ட் பண்ணி உள்ள விடுங்க. அந்தச் சீட்டு எழுதிப் போட்டது நான்தான்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நம்ம வரிசையில மத்தவங்க எல்லாம் அஞ்சு மணிக்கே எழுந்துடற கிழவங்க. ஞாயித்துக்கிழமை தூங்கறவங்க நீங்க ஒருத்தர்தான். நான்தான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்தேன்.

"வேண்டாங்க" என்றார் தாழ்ந்த குரலில். "கசுயோ பாக்கறா. நான் தனியா..."

"பேசாமத் தள்ளுங்க."

நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால்கள் அன்றைக்கு எதற்கோ உதவின. சக்கரம் பள்ளத்தைவிட்டு ஏறியது. ஏறியபின் நிற்கவில்லை, கொட்டகைக்குள் போய்த்தான் நின்றது. கொகுரே சான் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு வெளியே வந்து, மனைவிக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. வண்டிக்கு இந்த முடிவு என்னால்தான்.

கசுயோ சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஹகிவாரா சான், இவர் இன்னைக்குத் தனியாவா தள்ளினாரு? நீங்க பாத்தீங்களா?"

சீவாத தலையும் இரவு உடையுமாக நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கையெல்லாம் வண்டியின் தூசி.

"எனக்கென்ன தெரியும்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் தூங்கிட்டிருக்கேன்."

"அதானே" என்றார் கசுயோ சான். "சூப் ஆறுது, வாங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காரின் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. கொகுரே சான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, கடைசி அங்குலத்தில் மூச்சையும் அடக்கிக்கொண்டு, சின்னச் சத்தம்கூட எழாமல் மெல்ல மெல்ல அழுத்திச் சாத்தினார்.